இன்னும் முடியல சார்

நான்கு மாதம் முழுதாக நான் நம்பிக்கொண்டிருந்த ஒரு முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரேக் லைனிங் செய்கிற ஒரு தொழிற்சாலை. அங்கே இருந்த கம்ப்யூட்டரிலிருந்து வாரத்துக்கு ஒன்றிரண்டு பதிவுகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. அவற்றைத் தின்றது, எனக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த பெண்மணி எழுதிய புரோகிராம்தான் என்று நான் நம்பினேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. டீக்கடையில் அவரைப் போல நடித்தும் காட்டினேன்.

நடிப்பது சுலபம். தலையைக் கொஞ்சம் சாய்த்து, மூக்குக் கண்ணாடியை நடுவிரலால் ஏற்றி, மெதுவாகச் சொல்ல வேண்டும்: "இன்னும் முடியல சார்." அவ்வளவுதான். டீக்கடையே சிரிக்கும். எதைக் கேட்டாலும் அவர் பதில் அதுதான். பதில் தெரியாதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள் என்று அன்றைக்கு எனக்குள் ஒரு தீர்மானம் வேறு.

எங்களுக்குள் இரண்டு வயதுதான் வித்தியாசம், அவர் மூத்தவர். இருந்தும் அவர் எனக்கு 'சார்' போட்டார், நான் அவருக்கு 'மேடம்' போட்டேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆபீஸ் மரியாதை அப்படித்தான். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதுகிற உரிமையை நான் இழந்த கதைதான் இது.

வெள்ளானூரில் வீடு. பஸ் பிடித்து ஆவடி, ஆவடியில் ரயில் ஏறி அம்பத்தூர், அங்கிருந்து குடையை விரித்துக்கொண்டு எஸ்டேட்டுக்குள் நடை. கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. யோசிக்கும்போது அதை உதட்டருகே கொண்டுபோவார். நாள் முழுக்க யோசிப்பார் என்பதால் அந்தச் சிலுவை எப்போதும் பளபளவென்று இருக்கும்.

எங்கள் கம்பெனியில் மொத்தம் ஒன்பது பேர். கீழ்த்தளத்தில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப், நான்கு விநாடிக்கு ஒரு 'டமால்'. முதல் மாடியில் நாங்கள், அந்த டமாலுக்கு நடுவே கிடைக்கிற மூன்று விநாடிகளில் சிந்தித்துக்கொண்டிருந்தோம். முதலாளி வெளிநாட்டில் சில வருஷம் இருந்துவிட்டு, "நம்ம ஊர்லயே ஒரு டேட்டாபேஸ் பண்ணுவோம்" என்ற வீறாப்போடு திரும்பியவர். யாரோ செய்த டேட்டாபேஸை வாங்கி அதன்மேல் வேலை செய்வதல்ல. அடிவயிற்றில் ஓடுகிற இயந்திரத்தையே நாங்கள் எழுதினோம்.

விஷயம் கேட்பதற்கு எளிமையானது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் எழுதுவார்கள், பத்துப் பேர் ஒரே நேரத்தில் படிப்பார்கள். பாதி எழுதியது யார் கண்ணிலும் படக் கூடாது. முழுதாக எழுதி முடித்தது யார் கண்ணிலிருந்தும் தப்பக் கூடாது. அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதானை' எழுத எங்களுக்கு இரண்டரை வருஷம் ஆனது. ஒரு வேலையை முடித்துவைக்கிற பகுதியை அவர் எழுதினார். எது முடிந்தது, எது முடியவில்லை என்று பார்த்துச் சொல்கிற பகுதியை நான் எழுதினேன். அவர் முடிப்பவர், நான் பார்ப்பவன். எங்கள் இருவரின் குணத்துக்கும் இதைவிடப் பொருத்தமாக யாராலும் வேலையைப் பிரித்திருக்க முடியாது.

முடிப்பது என்றால் அவருக்கு எப்படி என்று சொல்கிறேன். மத்தியானம் கையைக் கழுவிக்கொண்டு வருவார். "சாப்டாச்சா மேடம்?" என்பேன், சும்மா வம்புக்கு. "இன்னும் முடியல சார், டப்பா கழுவணும்" என்பார். டப்பா கழுவிய பிறகு கேட்டால், "துடைக்கணும்." துடைத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்த பிறகு, நான் கேட்காமலே திரும்பி, "சாப்டேன் சார்" என்பார். அதற்குள் எனக்கு மறுபடி பசி எடுத்திருக்கும்.

எங்களோடு வேலை பார்த்த ஒருவரின் மனைவிக்குப் பூந்தமல்லியில் ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவம். பதினொரு மணிக்கு போன் வந்தது, பையன் என்று. நாங்கள் கைதட்டினோம், லட்டு வாங்கி வந்தோம், அந்த இடத்திலேயே பையனுக்கு மூன்று பெயர்களும் வைத்துவிட்டோம். மேடம் மட்டும் லட்டை ஒரு தாளில் சுற்றி மேசை டிராயருக்குள் வைத்தார்.

"ஏன் மேடம், சக்கரையா?"

"போன் பண்ணது யாரு சார்? டாக்டரா?"

"அவரோட மாமியார்."

"டாக்டர் வெளிய வந்துட்டாராமா?"

"அது தெரியல."

"அப்ப இன்னும் முடியல சார்."

பன்னிரண்டரைக்கு இன்னொரு போன் வந்தது. இரட்டைப் பிள்ளைகள், இரண்டாவது பெண். நாங்கள் அசடு வழிந்துகொண்டு நிற்க, அவர் டிராயரைத் திறந்து, லட்டில் எறும்பு மொய்த்த பக்கத்தைத் தட்டிவிட்டு மிச்சத்தை நிதானமாகச் சாப்பிட்டார். கிண்டலாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வாசலில் ஒரு மரப்பலகை இருந்தது. அதில் ஒன்பது பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தள்ளுகிற ஒரு சின்னத் தகடு. இந்தப் பக்கம் தள்ளினால் 'உள்ளே', அந்தப் பக்கம் தள்ளினால் 'வெளியே'. நாங்களெல்லாம் நான்கு ஐம்பதுக்கே தகட்டை வெளியே தள்ளிவிட்டு, பிறகு சாவகாசமாகப் பையைத் தேடுவோம். அவர் அன்றைக்குச் செய்ததை ஒரு நோட்டில் எழுதி, மெஷினை நிறுத்தி, குடையை எடுத்து, செருப்பையும் போட்டுக்கொண்டு, கடைசியாகத்தான் தகட்டைத் தள்ளுவார். அந்த நோட்டுக்கு 'மாற்ற நோட்டு' என்று பெயர். புரோகிராமில் யார் எந்த வரியைத் தொட்டாலும் தேதி, மாற்றம், பெயர் என்று அதில் மூன்று கட்டங்களில் எழுத வேண்டும். அவர் போட்ட சட்டம். ஒழுங்காக எழுதியவரும் அவர் ஒருவர்தான்.

இன்னொரு சம்பவம். இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள், நான் அன்றைக்குக் கேட்கவில்லை. முதலாளியின் அறை கீழே. தினமும் மூன்றரை மணிக்கு அவர் அங்கிருந்து மொட்டை மாடிக்குப் போய் ஒரு சிகரெட் பிடிப்பார். போக இரண்டு வழிகள்: முன்பக்கம் சிமென்ட் படி, பின்பக்கம் இரும்புச் சுழல் படி. ஒருநாள் அந்த நேரம் பார்த்து அவசர போன். நான் முன்படியில் மொட்டை மாடிக்கு ஓடினேன், அங்கே அவர் இல்லை. மூன்று மாடி இறங்கிக் கீழே ஓடினேன், அங்கேயும் இல்லை. மூச்சிரைக்க வந்து, "சார் கிளம்பிப் போயிட்டார்" என்று போனை வைத்துவிட்டேன். ஐந்து நிமிஷம் கழித்து முதலாளி மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்து, போனில் யார் என்று தெரிந்ததும் என்னை எப்படித் திட்டினார் என்பது இந்தப் பத்திரிகையில் அச்சேறாது.

மேடம் பக்கத்து மேசையிலிருந்து சொன்னார்: "முதல்ல கீழ பாத்துட்டு அப்புறம் மேல போயிருக்கணும் சார்."

"எப்படிப் பாத்தா என்ன மேடம்? ரெண்டு இடமும் பாத்தாச்சே."

"நீங்க மேல பாத்தப்ப அவர் கீழ இருந்தார். நீங்க கீழ வந்தப்ப அவர் பின்படியில மேல போயிட்டார். அவர் போறது ஒரே திசைதான். கிளம்பற இடத்தை முதல்ல பாக்கணும். அங்க இல்லைன்னா, நீங்க ஏறி முடிக்கறதுக்குள்ள அவரும் ஏறியிருப்பார். தப்ப முடியாது."

நான் இதையும் டீக்கடையில் நடித்துக் காட்டினேன்.

எங்கள் இயந்திரத்துக்குள்ளும் இரண்டு இடங்கள் இருந்தன. 'நடப்பு' என்று ஒரு பட்டியல், இப்போது ஓடிக்கொண்டிருக்கிற வேலைகளின் எண்கள் அதில் இருக்கும். 'முடிந்தது' என்று இன்னொரு பட்டியல். ஒரு வேலை முடிந்ததும், அவருடைய பகுதி அதை முதலில் 'முடிந்தது' பட்டியலில் எழுதும், அதற்குப் பிறகுதான் 'நடப்பி'லிருந்து அதன் எண்ணை அடிக்கும். செருப்பு முதலில், தகடு பிறகு. அதனால் எந்த நொடியிலும் ஒரு வேலை இரண்டில் ஒன்றிலாவது நிச்சயம் இருக்கும். பார்க்கிற என்னுடைய பகுதிக்கும் அவர் ஒரு விதி வைத்தார். காலண்டர் அட்டையின் பின்பக்கம் பென்சிலால் எழுதிச் சுவரில் மாட்டினார்: "முதலில் நடப்பு. பிறகு முடிந்தது." இரண்டிலும் இல்லையென்றால் அந்த வேலை பாதியில் செத்துவிட்டது என்று அர்த்தம். அப்போது என் பகுதி அந்தப் பதிவின் நெற்றியில் 'செத்தது' என்று ஒரு முத்திரை குத்திவிடும். அடுத்த முறை யாரும் பட்டியலைப் புரட்டி நேரத்தை வீணாக்க வேண்டாமே என்பதற்காக. முத்திரை குத்திவிட்டால் பிறகு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அந்தக் காலண்டர் அட்டையை நான் வலதுகாலை எடுத்துவைத்து வருகிற சமாச்சாரமாக எடுத்துக்கொண்டேன். 'நடப்பு'ப் பட்டியலைப் பார்க்க வரிசையில் நிற்க வேண்டும், நேரமாகும். 'முடிந்தது' பட்டியலைப் பார்ப்பது சுலபம். ஒரு டெமோவுக்கு முந்தின நாள் இரண்டு வரிகளை இடம் மாற்றினேன்: முதலில் முடிந்தது, பிறகு நடப்பு. இயந்திரம் குதிரையாகப் பறந்தது. முதலாளி எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டினார். மாற்ற நோட்டில் எழுத மறந்துபோனேன். மறந்துபோனேன் என்று நானாகச் சொல்லிக்கொள்வதுதான்.

அதற்குப் பிறகுதான் பிரேக் லைனிங் தொழிற்சாலையில் நம் சரக்கைப் போட்டார்கள். பத்து டெர்மினல். ஒரு மாதத்தில் ஸ்டோர்ஸ் அதிகாரி வந்து நின்றார். அடித்துச் சேமித்த வேலைச் சீட்டு காணோம். மறு வாரம் இன்னொன்று. ஆபீசில் உட்கார்ந்து ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தோம், ஒன்றுகூடத் தொலையவில்லை. எழுதியது நிற்கவில்லை என்றால் முடிக்கிற பகுதியில்தானே கோளாறு? முதலாளி அப்படி நினைத்தார். நானும் நினைத்தேன், சந்தோஷமாக. மேடம் நான்கு மாதம் தன் பகுதியை ஒவ்வொரு வரியாகப் படித்தார். கேட்டால், "பாத்துகிட்டிருக்கேன் சார். இன்னும் முடியல."

கடைசியில் ஒரு திங்கட்கிழமை முதலாளி சொல்லிவிட்டார். "ஃப்ரைடேக்குள்ள எங்க தப்புன்னு தெரியணும். இல்லைன்னா மேடம், யூ ஹாவ் டு கோ. தொழிற்சாலைக்கு நான் யாரையாவது காட்டணும்."

மறுநாள், செவ்வாய்க்கிழமை, ஆதாரம் திரட்டிவர என்னை அந்தத் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். திருடனையே துப்பறிய அனுப்பியிருக்கிறார்கள் என்பது திருடனுக்கே தெரியாது.

கேட்டில் ஒரு டெர்மினல் உண்டு. வாட்ச்மேன் என் பெயரை ஒரு விரலால் தட்டினார். கடைசி பட்டனை அமுக்கும்போது மூன்று மணிச் சங்கு ஊதியது. உள்ளே போனேன். ஸ்டோர்ஸ் அதிகாரியைப் பார்த்தேன், அவர் கொடுத்த டீயைக் குடித்தேன், நாலேகாலுக்குத் திரும்பி வந்தேன்.

"இன்னா நைனா, எங்க போற?"

"வெளிய."

மறுபடி பெயர், மறுபடி ஒரு விரல். திரையை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார்.

"பேரு இல்லியே."

"சரியாப் பாருங்கண்ணே."

"சரியாத்தான் பாக்கறேன். ரெண்டே முக்காலுக்கு அப்பால எவனும் உள்ள வரல. நீ எப்டி வந்த?"

"நீங்கதானே கதவைத் தொறந்தீங்க!"

"நான் தொறந்தேன். எனக்குத் தெரியும். பொட்டிக்குத் தெரிலியே. உள்ள வராதவன எப்டி நைனா வெளிய வுடறது?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தத் தொழிற்சாலையில் கருவி திருட்டு அதிகம். பட்டியலில் இல்லாதவனை வெளியே விட்டால் அவர் வேலை போய்விடும்.

"ரிஜிஸ்டர் நோட்டுல எழுதுவீங்களே, அதைப் பாருங்க."

"நோட்ட எட்த்துட்டாங்கோ. பொட்டி வந்தப்பறம் நோட்டு வோணாம்னு ஒங்க மொதலாளிதான் சொன்னாரு."

"ஸ்டோர்ஸ் சாரைக் கூப்பிடுங்க, அவர் சொல்வார்."

"அவரு இப்பத்தான கெளம்பிப் போனாரு." கொஞ்சம் பெருமையாகவே சேர்த்துக்கொண்டார்: "அவரு பேரு இருந்துச்சி."

என் கைப்பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தது. நான் ஏன் ஸ்க்ரூடிரைவர் வைத்திருந்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. அதைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஆபீசர் வந்து கேட்டா நான் இன்னா சொல்றது? செவுரு ஏறிக் குதிச்சான்னு சொல்லட்டா?"

இருபத்தொன்பது வயது ஆண்மகன், பி.இ. பட்டதாரி, மடியில் பையை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து, நாம் உண்மையிலேயே உள்ளே வந்தோமா என்று யோசிக்க ஆரம்பித்தேன். பயத்தில் மனிதனுக்கு எதுவும் தோன்றும். சுவர் எத்தனை அடி இருக்கும் என்று ஓரக்கண்ணால் ஒருமுறை அளந்தும் பார்த்துவிட்டேன். வாட்ச்மேன் அதைக் கவனித்துவிட்டார்.

"அங்க இன்னா பாக்கற?"

"ஒண்ணுமில்லண்ணே. ஒரு போன் பண்ணிக்கலாமா?"

ஆபீசில் போனை எடுத்தது அவர்தான்.

"மேடம், என்னைக் காணோம்."

"யாரு பேசறது?"

"நான்தான்!"

"சரி சார். எங்க காணோம்?"

சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவர் கேட்டார்: "உங்க பேரை அடிச்சப்ப மணி என்ன?"

"மூணு. கடைசி பட்டனை அமுக்கறப்ப சங்கு ஊதிச்சு."

"அந்த நிமிஷம் வேற யாராவது அதே பட்டியலைப் பாத்தாங்களான்னு கேளுங்க."

கேட்டேன். வாட்ச்மேன் யோசிக்கக்கூட இல்லை. "கேன்டீன்காரன் பாப்பான். சங்கு ஊதனா வெளியாளு எத்தினி பேருன்னு பாப்பான். டீ போடணுமே."

நான் அப்படியே போனில் சொன்னேன். மறுமுனையில் பிரஸ் மெஷின் மட்டும் கேட்டது. டமால். டமால். சிலுவை இப்போது உதட்டருகே போயிருக்கும் என்று நினைத்தேன். மூன்றாவது டமாலுக்குப் பிறகு கேட்டார்.

"சார், உங்க பகுதியில எந்தப் பட்டியலை முதல்ல பாக்கறீங்க?"

அந்த இடத்தில்தான், அந்த ஸ்டூலில்தான், எனக்கு எல்லாம் தெரிந்தது. கேன்டீன்காரர் பட்டியல் கேட்டார். என் புரோகிராம் என் பதிவைப் பார்த்து, முதலில் மொட்டை மாடிக்கு ஓடியது: 'முடிந்தது' பட்டியலில் இல்லை. அந்த இமைப்பொழுதில் அவருடைய பகுதி, எந்தப் பிழையும் இல்லாமல், அதை 'முடிந்தது' பட்டியலில் எழுதி 'நடப்பி'லிருந்து அடித்தது. என் புரோகிராம் மூச்சிரைக்கக் கீழே வந்தது: 'நடப்பி'லும் இல்லை. இரண்டிலும் இல்லையா? செத்தது. குத்து முத்திரை. வேலைச் சீட்டுகளும் அப்படித்தான் போயிருக்கின்றன, ஷிப்டு மாறும்போது எழுதுகிறவரும் பட்டியல் கேட்கிறவரும் மோதிக்கொள்கிற நொடிகளில். நான்கு மாதமாக அவர் தன் வரிகளில் தேடிக்கொண்டிருந்த தப்பு என்னுடைய இரண்டு வரிகளில் இருந்தது.

"சார்?"

"நீங்க சொன்ன மாதிரிதான் மேடம்," என்றேன். "நடப்பு முதல்ல."

டமால்.

"நிச்சயமா?"

"நிச்சயமா மேடம்."

டமால்.

"சரி சார். பாத்துகிட்டிருக்கேன்."

ஏன் பொய் சொன்னேன் என்று பல வருஷம் பல விதமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் தேறவில்லை. பயந்துவிட்டேன், அவ்வளவுதான். ஒரு பூட்டிய கேட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு எனக்கு நானே இன்னொரு கேட்டைப் போட்டுப் பூட்டிக்கொண்டேன்.

முதல் கேட்டைத் திறந்தது வாட்ச்மேனின் மூளை. ஐந்து மணி சுமாருக்கு அவருக்கும் டியூட்டி முடிகிற அவசரம் வந்தது. "இன்னா பண்லாம்னா, நீ இப்ப உள்ள வா."

"நான் உள்ளதானே இருக்கேன்?"

"நீ உள்ள இருக்கன்னு யாரு சொன்னது? வெளிய இருந்து வந்தாத்தான் நான் பேரு போட முடியும். ஒண்ணு பண்ணு. ஒரு கால வெளிய வை."

சின்னக் கதவைத் திறந்தார். என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார். நான் வலதுகாலை வெளியே வைத்து, மறுபடி உள்ளே வைத்தேன். அவர் என் பெயரைத் தட்டினார். "வந்துட்டியா? சரி. இப்ப போ." என்னை விட்டுவிட்டார், ஸ்க்ரூடிரைவரை விடவில்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கே ஆபீசுக்குப் போய், யாரும் வருவதற்குள் அந்த இரண்டு வரிகளையும் பழையபடி மாற்றி வைத்தேன். மாற்ற நோட்டைத் திறந்தேன். பேனாவை எடுத்தேன். மூடினேன். பதிவுகள் தொலைவது தானாக நின்றுவிடும், முதலாளி சமாதானமாகிவிடுவார், யாருக்கும் எதுவும் ஆகாது என்று கணக்குப் போட்டேன். கையோடு புதுப் பிரதியைக் கொண்டுபோய்த் தொழிற்சாலையிலும் போட்டுவிட்டு வந்தேன், 'சும்மா ஒரு சரிபார்ப்பு' என்று சொல்லி. புதன் ஒன்றும் தொலையவில்லை. வியாழன் ஒன்றும் தொலையவில்லை.

"பாத்தீங்களா சார், நின்னுபோச்சு," என்று முதலாளியிடம் பல்லிளித்தேன்.

"ரெண்டு நாள்ல என்னய்யா தெரியும்? போன மாசம் பத்து நாள் சும்மா இருந்துட்டு மறுபடி ஆரம்பிக்கல? காரணம் சொல்லு. காரணம் இல்லாம நின்னா காரணம் இல்லாம வரும்."

சொல்லத்தான் வேண்டும். வியாழக்கிழமை முழுக்க ஒத்திகை பார்த்தேன். கழிப்பறைக் கண்ணாடி முன்னால் நின்று, "சார், ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பித்துப் பார்த்தேன். சின்ன விஷயம் என்றால் நம்ப மாட்டார். "சார், ஒரு பெரிய விஷயம்" என்றால் உட்காரச் சொல்வார். இந்தச் சிக்கலிலேயே சாயங்காலம் ஆகிவிட்டது. பக்கத்து மேசையில் அவர் வழக்கம்போல வேலை பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. டப்பா கழுவினார், துடைத்தார், ஜிப்பை இழுத்தார். "சாப்டேன் சார்" என்றார்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு இருவரையும் முதலாளி கீழே கூப்பிட்டார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. மூன்றாவது நாற்காலியும் கிடையாது, நான் கதவில் சாய்ந்து நின்றேன். பிரஸ் மெஷின் சுவருக்கு அந்தப் பக்கமே இருந்ததால் ஒவ்வொரு டமாலுக்கும் மேசைமேல் தண்ணீர் டம்ளர் நடுங்கியது.

"ஸோ? யார் சைடுல தப்பு? உங்க சைடுதானா மேடம்?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் எதையாவது உளறியிருப்பேன். ஆஸ்பத்திரியிலிருந்து அடுத்த போன் வருமா என்று பார்ப்பதுபோலப் பார்த்தார். எண்ணினேன், நான்கு டமால். பிறகு முதலாளி பக்கம் திரும்பினார்.

"இன்னும் முடியல சார்."

"அஞ்சு மணிக்குள்ள முடியுமா?"

"அது என் கையில இல்ல சார்."

முதலாளி என்னைப் பார்த்தார். "நீ என்னய்யா சொல்ற?"

நான் எட்டி அந்த டம்ளரை எடுத்துத் தண்ணீரைக் குடித்தேன். அது முதலாளியின் தண்ணீர். குடித்துவிட்டு, "பாத்துகிட்டிருக்கோம் சார்" என்றேன்.

ஐந்து மணிக்கு முதலாளி மாடிக்கு வந்து, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று அவரிடம் சொன்னார். கத்தவில்லை, தன்மையாகத்தான் சொன்னார். அவர் சரி என்றார். மாற்ற நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். மெஷினை நிறுத்தினார். குடையை எடுத்தார், செருப்பைப் போட்டார். காலண்டர் அட்டையை அது பாட்டுக்குச் சுவரிலேயே விட்டுவிட்டார். கடைசியாகத் தகட்டை 'வெளியே' பக்கம் தள்ளினார். அப்போது மணி ஐந்தேகால்.

திங்கட்கிழமை காலை மாற்ற நோட்டைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் அவருடைய கையெழுத்து. தேதிக் கட்டத்தில் புதன்கிழமையின் தேதி. மாற்றம் என்ற கட்டத்தில், "பார்க்கும் பகுதி. இரண்டு வரிகள் இடம் மாற்றி வைக்கப்பட்டன. இதுதான் காரணம்." பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தது.

அவருக்குத் தெரிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை போனை வைத்ததும் என் பகுதியைத் திறந்து பார்த்திருப்பார், புதன்கிழமை அது மாறியிருப்பதையும் பார்த்திருப்பார். என் நெற்றியில் முத்திரை குத்த அவருக்கு மூன்று நாள் அவகாசம் இருந்தது.

அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். நோட்டை எடுத்துக்கொண்டு கீழே போய் முதலாளியிடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். "இதை வெள்ளிக்கிழமை சொல்றதுக்கு என்னய்யா?" என்றார். நான் நோட்டை மூடினேன். "போய்க் கூட்டிட்டு வா" என்றார்.

வெள்ளானூருக்குப் போனேன். வீட்டு வாசலில் அவருடைய அப்பா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. பாப்பா இல்லியே. பெங்களூர்ல ரொம்ப நாளாக் கூப்ட்டுகினு இருந்தாங்கோ. இங்க ஒரு வேல முடியலன்னு சொல்லிகினே இருந்துச்சி. நேத்து மாதா கோயில் பூசைக்குப் போய்ட்டு வந்து, சாய்ந்தரம் ரயிலேறிடுச்சி."

நடந்தது இதுதான்: தப்பு என்னுடையது. அவர் வெள்ளிக்கிழமை ஐந்தேகாலுக்குப் போனார். நான் திங்கட்கிழமை ஒன்பதரைக்குச் சொன்னேன்.